அந்தப் பதினாறு மணி நேரம் யாருடைய கணக்கு?



சென்னைக்கும் அமெரிக்காவில் இருக்கிற சான்பிரான்சிஸ்கோவுக்கும் எவ்வளவு தூரம் என்று இப்போது யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. செல்போனில் தட்டினால் போதும். ‘சுமார் 13,900 கிலோமீட்டர், விமானத்தில் பதினைந்து பதினாறு மணி நேரம்’ என்று பதில் வந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டு ஆண்களும், கல்யாணத் தரகர்களும், ஏன், நம்மைப் போன்ற பெண்களும்கூட, “பதினாறு மணி நேரம்தானே!” என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் ‘தானே’ இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அந்தப் பதில் எப்படி வருகிறது தெரியுமா? உலக உருண்டை மேல் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு கோடு போட்டு, ஜெட் விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் போகும் என்று வகுத்துச் சொல்வதுதான். கணக்கு சரிதான். ஆனால் அப்படி ஒரு விமானம்தான் கிடையாது! சென்னையிலிருந்து சான்பிரான்சிஸ்கோ என்ன, அமெரிக்காவின் எந்த ஊருக்குமே நேராகப் போகிற பயணிகள் விமானம் இல்லை. எங்கேயாவது ஓர் ஊரில் இறங்கி, வேறு விமானம் ஏறித்தான் ஆக வேண்டும். ஆக, இல்லாத விமானத்தின் நேரத்தை வைத்துக்கொண்டு, இருக்கிற மனுஷர்களின் பிரயாணத்தை நாம் தீர்மானம் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.

‘இதெல்லாம் கம்ப்யூட்டர் படித்தவர்கள் பேச வேண்டிய விஷயம், நமக்கென்ன’ என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். சான்பிரான்சிஸ்கோவைச் சுற்றியிருக்கிற சான் ஹோசே, சன்னிவேல், ஃப்ரீமாண்ட் எல்லாம் இன்று நம் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிற ஊர்கள். எங்கள் சிதம்பரத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீடு என்றால், பிள்ளையோ பெண்ணோ அந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று கேட்காமலேயே சொல்லிவிடலாம். பெண்ணுக்குப் பிரசவம் என்றால் புறப்படுவது யார்? அம்மாதான். மாமியாருக்கு முடியவில்லை என்றால் அங்கிருந்து ஓடி வர வேண்டியது யார்? மருமகளும் சேர்த்துத்தான். தூரத்தைக் கணக்குப் போடுகிறவர் ஒருவர், அந்தத் தூரத்தில் உட்கார்ந்து போகிறவர் இன்னொருவர்!

முதலில் இந்தத் தூரத்தைப் புரிந்துகொள்வோம். என் மகன் பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய உலக உருண்டை ஒன்று வீட்டில் இருக்கிறது. பூக்கட்டுகிற நூலை எடுத்து ஒரு முனையைச் சென்னையிலும் இன்னொரு முனையைச் சான்பிரான்சிஸ்கோவிலும் வைத்து இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நான் பத்தாவதில் படித்த பூகோளப் புத்தகத்தில் அமெரிக்கா என்றால் படத்தின் இடது ஓரம். அதனால் நூல் மேற்கே ஐரோப்பா வழியாகப் போகும் என்று நினைப்போம், இல்லையா? அதுதான் இல்லை. நூல் நேராக வடக்கே ஏறுகிறது! இமயமலை, சீனா, மங்கோலியா, சைபீரியா என்று போய், பனிப்பிரதேசத்தைத் தொட்டுவிட்டு, அலாஸ்கா வழியாக இறங்குகிறது. உருண்டையான பூமியில் அதுதான் குறுக்கு வழி. உங்கள் வீட்டிலும் குழந்தைகளோடு செய்து பாருங்கள், அரை மணி நேரம் சத்தமில்லாமல் இருப்பார்கள்!

2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் நான்கு பேர் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வடதுருவத்தின் மேலாக நேராக ஓட்டி வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் வந்த அந்த விமானம் நடுவில் எங்கும் இறங்காமல் 17 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அன்றைக்கு டி.வி.யில் பார்த்தபோது நமக்கே பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் இந்த மாதிரி நீண்ட நேர் விமானங்கள் நிலையானவை என்று நம்ப முடியாது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கம் 2004ல் நேர் விமானம் விட்டார்கள், 2013ல் நிறுத்தினார்கள், மறுபடி 2018ல் ஆரம்பித்தார்கள். எரிபொருள் விலை, விமானத்தின் ரகம், நாடுகளுக்குள் சண்டை என்று எதுவும் குறுக்கே வரலாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. சில விமானங்கள் நடுவில் எரிபொருளுக்காக இறங்கியும் போயின. தூரம் என்பதே இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு வழி என்னவென்று பார்த்தால், துபாய் வழி சுமார் 15,900 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழி சுமார் 16,500. ஜெர்மனியில் ஃப்ராங்க்ஃபர்ட் வழி சுமார் 16,700. நேர்க்கோட்டைவிட எப்படியும் இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதல். துபாய்க்கு 4 மணி நேரம், அங்கிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு 16 மணி நேரம் என்றால் ஆகாயத்தில் இருக்கிறதே 20 மணி நேரம் ஆச்சு. போகிற நேரமும் வருகிற நேரமும்கூட ஒன்றில்லை. மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறதாம். சிங்கப்பூரிலிருந்து சான்பிரான்சிஸ்கோ போக 15 மணி நேரம் போல என்றால், அதே விமானம் எதிர்க்காற்றில் திரும்பி வர 17 மணி நேரம் போல. நம்ம ஊர் சைக்கிள்காரருக்கு ஆடி மாசத்தில் ஆகிற கதைதான்!

இப்போது ஒரு நிஜக் கணக்கு சொல்கிறேன். என் சித்திக்கு 63 வயது. ஃப்ரீமாண்ட்டில் இருக்கிற ஒரே பெண்ணின் பிரசவத்துக்காகப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தனியாகப் போனார். டிக்கெட் போட்டது அவருடைய மாப்பிள்ளை. மாப்பிள்ளை ஒன்றும் கெட்டவர் இல்லை, மாமியார் மேல் மரியாதை உள்ளவர்தான். ஆனால் கம்ப்யூட்டரில் டிக்கெட் தேடினால் விலை குறைந்ததுதானே முதலில் வந்து நிற்கும்? ஓர் இடத்தில் மாறிப் போகிற டிக்கெட்டைவிட, இரண்டு இடத்தில் மாறுகிற டிக்கெட் பதினெட்டாயிரம் ரூபாய் குறைவு. அதைப் போட்டுவிட்டார்.

விமானம் சென்னையில் விடியற்காலை மூன்றரைக்கு. சித்தி சிதம்பரத்தில் வீட்டைப் பூட்டிக் காரில் ஏறியது முதல் நாள் சாயங்காலம் 5 மணிக்கு. இருநூறு கிலோமீட்டருக்கு மேல், வழியில் எங்காவது நெரிசல் என்றால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கிளம்ப வேண்டியிருக்கிறதே. அதிலேயே பத்தரை மணி நேரம் போச்சு. முதல் விமானம் 4 மணி நேரம். வளைகுடாவில் ஒரு நகரத்தில் 9 மணி நேரம் காத்திருப்பு. அங்கிருந்து அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு 14 மணி நேரம். இறங்கினதும் முடிந்ததா? இல்லை. அமெரிக்காவில் முதலில் எந்த ஊரில் கால் வைக்கிறோமோ அங்கேயே இமிகிரேஷன் முடித்து, பெல்ட்டில் சுற்றி வருகிற நம் பெட்டிகளை நாமே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளூர் விமானம் ஏற வேண்டும். ஆளுக்கு இருபத்து மூன்று கிலோ பெட்டி இரண்டு. உள்ளே முறுக்கு, பருப்புப்பொடி, பிரசவ மருந்துக்குச் சுக்கு, திப்பிலி. ஒரு பெட்டியைச் சித்தி தூக்கப் பார்த்து முடியாமல், யாரோ ஒரு வெள்ளைக்காரப் பையன் இறக்கிக் கொடுத்தானாம். அங்கே ஒரு 5 மணி நேரம். அப்புறம் நாட்டுக்கு உள்ளேயே இன்னும் 6 மணி நேரம் விமானம். கடைசியில் பெட்டி எடுத்துக் காரில் பெண் வீட்டுக்குப் போக 2 மணி நேரம்.

கூட்டிப் பாருங்கள். ஐம்பது மணி நேரத்துக்கு மேல்! பதினாறு எங்கே, ஐம்பது எங்கே?

ஓர் இடத்தில் மட்டும் மாறியிருந்தால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு 38 மணி நேரத்தில் போயிருக்கலாம். வித்தியாசம் 12 மணி நேரம். பதினெட்டாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு. சித்தியின் முதுகும் காலும் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு விலை போயிற்று என்றுதான் எனக்குத் தோன்றியது. போய்ச் சேர்ந்தபோது இரண்டு காலும் வீங்கி, மெட்டி விரலை அழுத்திக்கொண்டு கழற்ற வரவில்லையாம். அந்த நிலைமையிலும் “மாப்பிள்ளை கிட்ட சொல்லிடாதேடி, வருத்தப்படுவார்” என்றார். அம்மாக்கள் இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த ஐம்பது மணி நேரம் யார் காதுக்கும் போகாமல் இருக்கிறது.

இதில் இன்னொரு வேடிக்கை, காலண்டர் கணக்கு. வெள்ளிக்கிழமை விடியற்காலை மூன்றரைக்குச் சென்னையில் ஏறி, துபாயில் ஒரு நாலரை மணி நேரம் இருந்துவிட்டுப் போனால், குளிர்காலத்தில் அங்கே இறங்குவது அதே வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு. காலண்டரைப் பார்த்தால் 11 மணி நேரம்தான். உடம்பைக் கேட்டால் இருபத்து நாலரை. அங்கே கடிகாரம் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மார்ச் மாதத்திலிருந்து நவம்பர் ஆரம்பம்வரை அவர்கள் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்வதால் பன்னிரண்டரை. திரும்பி வரும்போது நேர்மாறு. சித்தியின் பெண், என் வாயில் அகப்பட்டுக்கொண்டதாலோ என்னவோ, திரும்பி வருகிற டிக்கெட்டைப் பணம் கட்டி ஒரே இடத்தில் மாறுகிற மாதிரி மாற்றிக் கொடுத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் 4 மணிக்கு ஏறினவர் சென்னையில் இறங்கியது ஞாயிறு காலை ஆறு மணிக்கு. சனிக்கிழமை பூராவும் ஆகாயத்திலேயே போயிற்று. சித்திக்குச் சனிக்கிழமை விரதம். “எந்த ஊர் சூரியனைப் பார்த்து விரதத்தை முடிக்கிறது?” என்று கேட்டுச் சிரிக்கிறார்.

விரதத்தை விடுங்கள், மாத்திரைக்கு என்ன செய்வது? சித்திக்கு ரத்த அழுத்தத்துக்குக் காலை எட்டு மணிக்கு ஒன்று, ராத்திரி எட்டு மணிக்கு ஒன்று. ஒவ்வொரு ஊரில் இறங்கும்போதும் செல்போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்கிறது. எந்த எட்டு மணி? எங்கள் டாக்டர் அழகாகச் சொன்னார்: “கைக்கடிகாரத்தைத் திருத்தாதீங்க. போய்ச் சேர்ற வரைக்கும் அதில சிதம்பரம் நேரமே ஓடட்டும், அதைப் பார்த்துப் போடுங்க.” இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது போதாது, அவரவர் டாக்டரிடம் டிக்கெட்டையே காட்டிக் கேட்டுவிடுவது நல்லது. மாத்திரையைப் பெட்டியில் போடாமல் கைப்பையில், சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி எந்த ஊரில் தங்கும் என்று யாருக்குத் தெரியும்!

தண்ணீர் விஷயத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம் பெண்கள் வெளியே கிளம்பினால் முதலில் நிறுத்துவது தண்ணீரைத்தான். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே, ஜன்னலோர சீட்டிலிருந்து இரண்டு ஆம்பிளைகளை எழுப்பிவிட்டுப் போக வேண்டுமே என்ற கூச்சம். பஸ்ஸில் இரண்டு மணி நேரம் அடக்குவது வேறு, விமானத்தில் பதினாறு மணி நேரம் வேறு. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்தால் காலில் ரத்தம் உறைகிற அபாயம் இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007லேயே சொல்லியிருக்கிறது. ஆறாயிரம் பேரில் ஒருவருக்குத்தான் வரும் என்றும் சொன்னார்கள், அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் டிக்கெட் போடும்போதே அம்மாவுக்கு நடைபாதை ஓரத்து சீட்டாகக் கேட்டு வாங்கிவிட்டால் அவர் யாரையும் எழுப்ப வேண்டாம், தண்ணீரும் குடிப்பார், எழுந்து நடப்பார். சைவச் சாப்பாட்டையும் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். அங்கே போய்க் கேட்டால் ரொட்டித் துண்டுதான்.

சக்கர நாற்காலியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் வேறு அபிப்பிராயம். விமானக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் பணம் வாங்காமல் ஆள் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கால் நன்றாக இருக்கிற அம்மாக்களையும், பாஷை தெரியாது, வழி தெரியாது என்பதற்காகப் பிள்ளைகள் அதில் உட்கார வைத்துவிடுகிறார்கள். நிஜமாகவே நடக்க முடியாதவர் நாற்காலிக்காகக் காத்துக்கிடக்கிறார். சித்தி தினமும் எங்கள் ஊர்த் தேரோடும் வீதி நாலையும் நடந்தே சுற்றி வருகிறவர். “எனக்கு எதுக்குடி வண்டி? எனக்கென்ன கால் இல்லையா?” என்று கோபம் வந்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தது நாற்காலி இல்லை, ஒரு தாள். விமான எண், எந்த ஊரில் இறங்குவது, அடுத்த விமானம் எத்தனை மணிக்கு, பெட்டி எடுக்க வேண்டுமா வேண்டாமா, பெண் வீட்டு விலாசம், போன் நம்பர் எல்லாம் ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் இங்கிலீஷில். நானும் என் மகளும் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தோம். சித்தி அதை நீட்டி நீட்டியே போய்ச் சேர்ந்தார். முடியாதவர்களுக்கு நாற்காலி, தெரியாதவர்களுக்குத் தாள் என்பது என் கட்சி. உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள், எழுதுங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் பிரயாணம் முடிகிறதில்லை. பன்னிரண்டு பதின்மூன்று மணி நேர வித்தியாசம் என்றால் அங்கே பகல் நமக்கு நடுராத்திரி. உடம்புக்குள் இருக்கிற கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகர்ந்து கொடுக்கும் என்கிறார்கள். அப்படியானால் பழைய ஆளாக ஆவதற்குப் பத்து நாளாவது வேண்டாமா? இங்கே என்ன நடக்கிறது? பிரசவ தேதிக்கு மூன்று நாள் முன்னால் டிக்கெட் போடுகிறார்கள். ஐம்பது மணி நேரம் தூங்காத அம்மா மறுநாளே ஆஸ்பத்திரி, பத்தியச் சமையல், ராத்திரி கைக்குழந்தை என்று நிற்கிறாள். இரண்டு வாரம் முன்னால் வரவழைத்தால் என்ன குறைந்துபோகும்? “ஆறு மாசம்தான் இருக்க விடுவாங்க, முன்னாடியே வந்தா பின்னாடி நாள் குறையுமே” என்று பதில் வருகிறது. வாஸ்தவம்தான். அப்படியானால் அந்தக் கடைசி இரண்டு வாரத்தை அவர்களே சமாளித்துக்கொள்ளட்டும் என்பேன்.

அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் இப்படி ஏமாறவில்லை. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சிங்கப்பூருக்கு முதலில் ‘ரஜூலா’ என்ற கப்பல் போயிற்று. அதற்கப்புறம் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ‘சிதம்பரம்’ என்று ஒரு கப்பல். 1985ல் தீ விபத்து நடந்து அத்தோடு நின்றுவிட்டது. ஒரு வாரம் போல ஆகும் என்று போகிறவருக்கும் தெரியும், வழியனுப்புகிறவருக்கும் தெரியும். ‘ஒரு வாரம்தானே’ என்று யாரும் சொன்னதில்லை. இப்போது சிங்கப்பூருக்கு 4 மணி நேரம், அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பழக்கத்திலேயே அமெரிக்காவையும் அளக்கிறோமே, அங்கேதான் வம்பு.

இதெல்லாம் உடம்பு கஷ்டம், எப்படியோ தாங்கிக்கொள்ளலாம். மனசு கஷ்டம் ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டியதே அதுதான்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் தவறிப்போனார். டிசம்பர் மாசம், செவ்வாய்க்கிழமை விடியற்காலை 5 மணிக்கு. மகன் சான் ஹோசேயில். அங்கே அப்போது திங்கட்கிழமை சாயங்காலம் மூன்றரை. சேதி கேட்டு, டிக்கெட் கிடைத்து, ராத்திரி 9 மணிக்கு அவன் விமானம் ஏறினான். ஐந்தரை மணி நேரத்தில் டிக்கெட் எடுத்து ஏறினதே பெரிசு. அப்போது இங்கே செவ்வாய் காலை பத்தரை. வழியில் மாறிச் சென்னையில் இறங்கியது புதன் மத்தியானம் பன்னிரண்டரைக்கு. பாஸ்போர்ட் வரிசை, கார், இருநூறு கிலோமீட்டர் எல்லாம் தாண்டித் தெருமுனையில் அவன் இறங்கியபோது புதன் சாயங்காலம் ஆறரை. ஆக முப்பத்தேழரை மணி நேரம். அதைவிடச் சீக்கிரம் ஒரு மனுஷனால் வந்திருக்க முடியாது.

ஆனால் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் கையில் செல்போன் இருந்ததே! “பதினாறு மணி நேரம்னு போட்டிருக்கு. செவ்வாய் ராத்திரி ஒம்பது மணிக்கே வந்திருக்கணும்” என்று ஒருவர் ஆரம்பித்தார். “வர மனசில்ல” என்றார் இன்னொருவர். ஃப்ரீஸர் பெட்டிக்கு வாடகை ஏறுகிறது, அடுப்பு பற்ற வைக்க முடியாமல் அக்கம்பக்கம் கஷ்டப்படுகிறது என்று பேச்சு வளர்ந்தது. கடைசியில் யார் தலையில் விழுந்தது தெரியுமா? மருமகள் தலையில். “அவ விட்டிருக்க மாட்டா.” அந்தப் பெண் ஏழு மாசக் கர்ப்பமாக அங்கே தனியாக உட்கார்ந்துகொண்டு, இங்கே நடப்பதை வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விரல் விட்டு எண்ணி, எங்கே மாறுகிறான், எத்தனை மணிக்கு இறங்குகிறான் என்று சொல்லிப் பார்த்தேன். “உனக்கென்னம்மா தெரியும், கம்ப்யூட்டரே பதினாறுன்னு சொல்லுது” என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். புதன்கிழமை மூன்று மணிக்கு எடுத்துவிட்டார்கள். பங்காளி கொள்ளி வைத்தார். மூன்றரை மணி நேரம் கழித்து வந்த மகன் வாசல் தெளித்திருந்த வீட்டைப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்று நினைத்ததை நான் குற்றம் சொல்ல வரவில்லை. அவன் வர ஆறரையாகும், அதற்குமேல் வைத்திருக்க முடியாது, ஆகையால் எடுக்கிறோம் என்று சொல்லி எடுத்திருந்தால் அது ஒரு முடிவு. அதை அவனும் தாங்கிக்கொண்டிருப்பான். வராதவன், விடாதவள் என்று பட்டம் கட்டி எடுத்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்களில் சிலருக்கு விசா முத்திரை காலாவதியாகியிருக்கும், இங்கே வந்தால் புது முத்திரை வாங்காமல் திரும்பிப் போக முடியாது, வேலை போய்விடும் என்று வரவே முடியாமல் அங்கே அறைக்குள் அழுகிறார்கள். அதெல்லாம் எந்தச் செல்போனில் போட்டிருக்கிறது?

ஆகையால் வரன் பார்க்கிற தோழிகளே, தரகர் “ஒரு தூக்கம் தூங்கி எழுந்தா அமெரிக்கா” என்று சொன்னால், வாசலுக்கு வாசல் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற மகள்களே, அம்மாவுக்கு டிக்கெட் போடுகிறபோது வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் அந்த ஸ்கிரீனைப் பாருங்கள். விலைக்குப் பக்கத்திலேயே மொத்த நேரமும், எங்கே எவ்வளவு காத்திருப்பு என்றும் போட்டிருக்கும். அமெரிக்காவுக்குள்ளேயே விமானம் மாறுகிற டிக்கெட்டைத் தனியாக வருகிற அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். பதினெட்டாயிரம் மிச்சம் பிடிக்கத்தான் வேண்டுமென்றால் வேறு எதிலாவது பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, வீட்டில் பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே, பிள்ளைகள் வர இத்தனை நேரம் ஆகும், என்ன செய்யலாம் என்று அவர்களையே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அபசகுனம் என்று வாயைப் பொத்துகிறார்கள். நான் சித்தியைக் கேட்டேவிட்டேன். முப்பத்தெட்டு மணி நேரம் என்ற கணக்கு அவருக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியுமே. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு பகல் ஒரு ராத்திரி பாருங்க. அதுக்குமேல வெச்சுக்கிட்டிருக்க வேண்டாம். அவ கைக்குழந்தையோட ஓடி வந்து வழியில விழப் போறா. மெதுவா ஒரு இடத்துல மட்டும் மாறி வரச் சொல்லு. காரியத்துக்கு இருந்தா போதும். வந்ததும் முதல்ல அவளைத் தூங்கச் சொல்லு.”

- ஒரு வாசகி, சிதம்பரம்.